புத்தகத்துக்கு ஏதுங்க முறை?

கேள்வி:

எனக்கு வயது 43. ஊர் பவானி பக்கம். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் எட்டு விசைத்தறி போட்டு ஓட்டுகிறார். பதினைந்து வருடமாக நோட்டில் எழுதிவைத்ததில் 11 கதைகளைத் தேர்ந்தெடுத்து, சீட்டு எடுத்த பணம் 32,000 ரூபாயை ஒரு பதிப்பகத்தில் கட்டி, 200 பிரதி புத்தகமாகப் போட்டேன். விலை 180. வந்து ஐந்து மாதம் ஆகிறது. 140 பிரதி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

அம்மா புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "இதுக்கு எத்தன பணம் வந்துச்சு கண்ணு?" என்றார். வீட்டுக்காரர் அட்டையைப் பார்த்து "நல்லாருக்குது" என்றதோடு சரி. டீக்கடையில் யாரோ அவரிடம், "உன்ர ஊட்டுக்காரி உன்னைய வெச்சுத்தான் குடிகாரன் கதை எழுதியிருக்கறாளாமா" என்று கேட்டதிலிருந்து அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. சித்தப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். "மூணாவது கதையில பாதிக்கு மேல கொச்சை. புஸ்தகம்னா நல்ல தமிழ்ல இருக்கோணுமல்லோ" என்றார். பள்ளித் தோழிகள் வாட்ஸ்அப் குழுவில் 51 பேர். எல்லோரும் கைதட்டும் படம் போட்டார்கள். வாங்கியது இரண்டு பேர். ஒருத்தி "பிடிஎஃப் இருந்தா அனுப்புப்பா" என்று கேட்டாள்.

அத்தை, அப்பாவின் தங்கை, நான்கு மாதமாகப் பேசுவதில்லை. மாரியம்மன் நோம்பிக்கும் வரவில்லை. அண்ணன் கிணறு வெட்டத் தன் ஏழுகல் தோட்டைக் கழற்றிக் கொடுத்த பெண்ணைப் பற்றி ஒரு கதை. அத்தை கதைதான். பெருமையாகத்தான் எழுதினேன், பெயரைக்கூட மாற்றியிருந்தேன்.

இதையெல்லாம்விட ஒன்று. கல்லூரிக் காலத்திலிருந்து என் கதைகளை முதலில் படிக்கிறவள் ஒரு சிநேகிதி. அவளும் எழுதுவாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

யாருக்காக எழுதினேன் என்றே தெரியவில்லை. இன்னும் ஒன்பது கதை இருக்கிறது. போடலாமா? புனைபெயரில் போட்டால் இந்தத் தொல்லை இருக்காதா? மச்சாண்டார் வேறு "திருச்செங்கோட்டுக்காரருக்கு ஆனது தெரியுமில்ல" என்று பயமுறுத்துகிறார்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அம்மிணி, உங்களைவிடப் பதினாறு வயது மூத்தவன், அந்த உரிமையில் அப்படிக் கூப்பிடுகிறேன். கோவையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவனாகத் தொடங்கி, 30 வருடத்துக்கு மேல் அடுத்தவர் எழுத்தைத் திருத்திப் பிழைக்கிறேன். முதல் புத்தகம் போட்டவர்களில் பாதிப் பேராவது ஆறு மாதத்துக்குள் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து இதே குறையைச் சொல்லியிருக்கிறார்கள். அத்தைக்குப் பதில் மாமனாக இருக்கும், தோட்டுக்குப் பதில் காடாக இருக்கும்.

நம்ம பக்கம் எதற்கும் ஒரு முறை உண்டு. கல்யாணம் என்றால் இணைச்சீர். தெரட்டி, அதாவது பெண் வயசுக்கு வந்த சடங்கு என்றால் தாய்மாமன் சீர். வீடு கட்டிப் பால் காய்ச்சினால் என்ன எடுத்துப் போவது, எழவு வீட்டுக்கு யார் கோடி எடுப்பது, மொய் நோட்டில் எவர் பேர் முதலில் வருவது, எல்லாம் பத்து வயதுப் பையனுக்கே அத்துப்படி. போர்வெல்லில் தண்ணி வந்தால்கூட நாலு வீட்டுக்குச் சர்க்கரை கொடுக்கத் தெரியும். எழுதிங்கள் என்றே ஒரு சீர் இருக்கிறது. பேரைக் கேட்டால் எழுதுகிறவர்களுக்கென்று வைத்த மாதிரி இருக்கும். ஆனால் அது கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் செய்வது. அந்தப் பெண் ஒரு புத்தகம் எழுதிவிட்டால் பிறந்த வீடு என்ன செய்யும், புகுந்த வீடு என்ன செய்யும்? யாருக்கும் தெரியாது. தட்டு வைப்பதா, மொய் எழுதுவதா, வாசலில் கோலம் போடுவதா? ஒரம்பரை, அதாவது சொந்தபந்தம், முழுக்கக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறது.

முறை தெரியாத இடத்தில் அவரவர் தமக்குத் தெரிந்ததைச் செய்வார்கள். உங்கள் அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். அங்கே வேறு எதையெல்லாம் வைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். முதல் சம்பளக் கவர், பேரன் வாங்கிய மார்க் ஷீட், பத்திரம் பதிந்துவந்த கட்டு. அந்த வரிசையில்தான் உங்கள் 11 கதையும் இருக்கிறது.

என் முதல் புத்தகம் 1998இல் வந்தது, 500 பிரதி. எங்கப்பா கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். மதியச் சோற்றுக்கு வந்தவரிடம் கொடுத்தேன். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். பிரிக்கவில்லை. மூடிய புத்தகத்தின் விளிம்பில் கட்டைவிரலை மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டினார். கடைந்து முடித்த ஷாஃப்டில் பிசிர் நிற்கிறதா என்று பார்ப்பது அப்படித்தான். "வெட்டு நேரா இருக்குது" என்றார். "எத்தன பீஸு?" சொன்னேன். "ரிஜெக்‌ஷன் எத்தன?" அவ்வளவுதான், சோற்றுக்கு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பொக்கென்று போய்விட்டது. இதை வருடக்கணக்கில் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன், உள்ளுக்குள் கசப்போடு. அவரிடம் வேலை கற்றுக்கொண்ட அண்ணன் ஒருவர் ஒருநாள் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "பதினோரு வருசம் அவருகிட்ட இருந்தனுங்க. வெட்டு நேரா இருக்குதுன்னு ஒரு பீஸுக்குச் சொல்லிக் கேட்டதில்ல" என்றார். ரிஜெக்‌ஷன் எத்தனை என்ற கேள்விக்கு மட்டும் அப்பாவிடம் நான் கடைசிவரை பதில் சொல்லவில்லை. 340.

அம்மா பணத்தைப் பற்றிக் கேட்டது உங்களை உறுத்தியிருக்கிறது. மண்டியில் மூட்டை இறங்கினதும் விரலி என்ன விலை, கிழங்கு என்ன விலை என்று கேட்டால் நீங்கள் முகம் சுளிப்பீர்களா? கணக்கு எழுதுகிறவர் நீங்கள், கணக்காகவே சொல்லிவிடுங்கள். 32,000த்தை 200ஆல் வகுத்தால் பிரதிக்கு அடக்கம் 160. கடையில் வைத்தால் 30, 35 சதவீதம் கழிவு கேட்பார்கள். 35 என்று வைத்தால் 180இல் உங்கள் கைக்கு வருவது 117, ஒவ்வொன்றுக்கும் 43 ரூபாய் நட்டம். நேரில் முழு விலைக்கு விற்றால்தான் 20 ரூபாய் நிற்கும். நீங்கள் காசு போடாமல் பதிப்பகமே போட்டிருந்தால், பெரும்பாலும் 10 சதவீத ராயல்டி, பிரதிக்கு 18 ரூபாய். 200ம் விற்றால் 3,600. "நட்டந்தாங்கம்மா, தெரிஞ்சேதான் போட்டேன்" என்று சொல்லுங்கள். வானம் பார்த்துச் சோளம் விதைத்த தலைமுறை, இதைப் புரிந்துகொள்ளும்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினீர்களா என்று கடிதத்தில் இல்லை. 11 பாயிண்ட் எழுத்தைக் கண்ணாடி போட்டுக் கூட்டிப் படிக்கிற வயது அவருக்கு இருக்காது. ஆனால் உடுக்கடித்து அண்ணன்மார் கதை படிக்கும்போது இரவிரவாகக் கண் விழித்துக் கேட்ட தலைமுறை அது. அண்ணன்மாரின் தங்கை தங்காயி அழும் இடத்தில் தானும் அழுதிருப்பார். கதை கேட்கத் தெரிந்தவரிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, அவர் படிக்கவில்லை என்று வருத்தப்படுகிறோம். பொழுதோட வாசலில் உட்கார்ந்து ஒரு கதையை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். "அவ அப்படிச் சொல்லியிருக்க மாட்டா" என்று எங்காவது குறுக்கே பேசினால் அதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். நூறு விமரிசனத்துக்குச் சமம்.

வாட்ஸ்அப் குழுவை விட்டுவிடுங்கள். 51 பேர் கைதட்டியதில் பொய் ஒன்றும் இல்லை, தட்டியதோடு அவர்கள் கடமை முடிந்தது. பிடிஎஃப் கேட்டவரிடம் 180 ரூபாய் என்று சொல்வதில் கூச்சம் வேண்டாம். 1971இல் கோவையில் வானம்பாடிக் கவிஞர்கள் தங்கள் இதழை விலையிலாக் கவிமடல் என்று சொல்லியே கொடுத்தார்கள். அது அவர்களாக எடுத்த முடிவு. உங்கள் புத்தகத்தில் விலை அச்சிட்டிருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரம்பரைக்கு 60 பிரதி சும்மா கொடுத்தேன். கொடுத்ததோடு நின்றேனா, பார்க்கும் இடமெல்லாம் "படிச்சீங்களா?" என்று கேட்டேன். மாமா ஒருவர் கல்யாண மண்டபத்தில் என்னைக் கண்டாலே கைகழுவும் பக்கம் போய்விடுவார். இரண்டு வருடம் அவர் பந்தியில் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார். அந்தக் கேள்வியை நீங்கள் யாரிடமும் கேட்காதீர்கள்.

சித்தப்பாவுக்கு வருவோம். கொங்குப் பேச்சை நாவலில் எழுதலாமா என்பது 1942இல் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' வந்தபோதே முடிந்த விவகாரம். 2000இல் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் வந்துவிட்டது. இதைச் சித்தப்பாவிடம் போய் வாதாட வேண்டாம். 'வந்தாங்கொ' என்று எழுதிய பிள்ளைகளுக்குக் காலமெல்லாம் சிவப்பு மையில் சுழித்த கை அது, ஒரே நாளில் நிற்காது. ஆனால் அவர் சொன்னதை இன்னொரு தரம் பாருங்கள். மூன்றாவது கதையில் பாதிக்கு மேல் என்கிறார். எண்ணிப் பார்த்திருக்கிறார்! உங்கள் கடிதத்தில் இத்தனை பேர் வருகிறார்களே, புத்தகத்தை வரி வரியாகப் படித்ததற்கான தடயம் இரண்டே பேரிடம் இருக்கிறது. ஒருவர் சித்தப்பா, இன்னொருவர் அத்தை. அந்த இரண்டு பேர் மேல்தான் உங்களுக்கு வருத்தம். சித்தப்பாவிடம் மிச்ச ஒன்பது கதையையும் கொடுத்து, "ஒற்றுப்பிழை பாத்துக் குடுங்க சித்தப்பா" என்று கேளுங்கள். பாராட்டத் தெரியாதவருக்கும் திருத்தத் தெரியும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் பேச்சில் மட்டும் கைவைக்க விடாதீர்கள்.

இனி அத்தை. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் இதுதான்.

பெயரை மாற்றினேன் என்கிறீர்கள். முதல் தொகுப்பு எழுதுகிற எல்லோரும் பெயரை மாற்றுகிறார்கள், தோட்டை மாற்ற மாட்டேன் என்கிறார்கள். ஊர்க்காரர்கள் ஆளைக் கண்டுபிடிப்பது பெயரை வைத்தா? ஏழுகல் தோடு, எத்தனாவது அடியில் பாறை வந்தது, எந்த வருடம் வெடி வைத்தது, இவற்றை வைத்துத்தானே! கதையையும் நீங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்தீர்கள், படித்தேன். தோடு கடைசிவரை மீளவில்லை. மகள் கல்யாணத்தில் அந்தப் பெண் கவரிங் தோடு போட்டுக்கொண்டு, வெளிச்சம் படாத பக்கமாக நிற்கிறாள். போட்டோக்காரன் "இப்படித் திரும்புங்கம்மா" என்கிறான். திரும்பவில்லை. அருமையான இடம். நான் திருத்தியிருந்தாலும் அதில் ஒரு சொல்லைத் தொட்டிருக்க மாட்டேன்.

அத்தை பேசாமல் போனதும் அந்த இடத்தால்தான் என்று நினைக்கிறேன். அண்ணனுக்காகத் தோட்டைக் கொடுத்தது ஊருக்கே தெரிந்த பெருமையாக இருக்கலாம். மகள் கல்யாணத்தில் போட்டிருந்தது கவரிங் என்பது யாருக்குத் தெரியும்? சம்பந்தி வீட்டுக்குத் தெரியுமா? வெளிச்சத்துக்கு முகம் காட்டாமல் இத்தனை வருடம் காப்பாற்றி வைத்ததை 200 பிரதி அடித்து விலை போட்டுவிட்டோம். அவரை உயர்த்தி எழுதியதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அவர் படித்தது தன் கவரிங் தோட்டைப் பற்றி. இன்னொன்றும் இருக்கிறது. தோட்டை மீட்டுக் கொடுக்காத அந்த அண்ணன் உங்கள் அப்பா. கதையில் அந்த அண்ணன் மேல் ஒரு வரிகூடக் குற்றம் இல்லை. அத்தை இதையும் கவனித்திருப்பார்.

நீங்கள் போக வேண்டும். நோம்பி, விசேஷம் எதுவும் இல்லாத சாதாரணமான ஒரு நாளில், புத்தகம் இல்லாமல் போங்கள். "அது கதைதானுங்கத்தை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கதை இல்லை என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். "உங்களக் கேக்காம எழுதிட்டனுங்கத்தை" என்றால் போதும். அப்புறம் அவர் பேசட்டும். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். அரிசிம்பருப்பு வைத்துக் கொடுத்தால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். எந்த இடம் வலித்தது என்று கேளுங்கள், ஏனென்றால் நான் மேலே சொன்னது என் ஊகம். இது ஊகிக்க முடியாத விஷயம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். காங்கேயம் பக்கத்து எழுத்தாளர் ஒருவர் புத்தகத்தைத் திருத்திக் கொடுத்தேன். அதில் அவருடைய பெரியப்பா சொத்துத் தகராறில் தம்பியை அடிக்கிற காட்சி வரும். பெரியப்பா கொதித்துப்போய் வந்தார். அடித்ததைப் பற்றி மூச்சில்லை. "என்ர எருது மயிலைடா. செவலைன்னு எழுதி வெச்சிருக்கறே?" இரண்டாம் அச்சில் மயிலை ஆக்கினோம். அவரே 20 பிரதி வாங்கிப் பங்காளிகளுக்குக் கொடுத்தார்.

அத்தை சமாதானமாகிவிடுவார் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. சில வீடுகளில் அந்தக் கதவு திறப்பதே இல்லை. ஆனால் கவரிங் விஷயத்தை எடுத்துவிடு என்று கேட்டால் எடுத்துவிடுங்கள். இந்த 140 தீர்ந்த பிறகு அடுத்த அச்சு 50 பிரதிகூடப் போடலாம், இப்போது அதற்கு வசதி இருக்கிறது. மாற்றும் உரிமை உங்களிடம் இருக்கிறதா என்று மட்டும் பதிப்பகத்தோடு போட்ட தாளைப் பாருங்கள். எழுத்தில் இல்லாமல் பதிப்புரிமை கைமாறாது. ஒப்பந்தத்தில் காலம் எதுவும் போடாவிட்டால் 5 வருடம்தான் என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. நல்ல இடத்தை வெட்டுவதா என்று கேட்பீர்கள். திருத்துகிறவனாக எனக்கும் மனசு வராதுதான். ஆனால் அந்தத் தோடு அத்தையுடையது. போட்டோக்காரன் திரும்பச் சொல்லித் திரும்பாமல் நிற்கிற ஒரு பெண்ணை, காதில் எதுவும் இல்லாமலேயே உங்களால் எழுத முடியும்.

வீட்டுக்காரர் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். தான் படிக்காத ஒன்றுக்கு டீக்கடையில் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் நிற்கிறார். முழுப் புத்தகமும் வேண்டாம், அந்த ஒரு கதையை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். தறிச் சத்தத்தில் முடியாது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டு நிறுத்துகிற நாளில் எட்டுத் தறியும் நிற்குமே, அன்றைக்கு வாசியுங்கள். அந்தக் குடிகாரன் அவர் இல்லையென்றால் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்தான் என்றாலும் நீங்கள்தான் சொல்ல வேண்டும், டீக்கடை சொல்லக் கூடாது. எது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நானும் கேட்கவில்லை.

மச்சாண்டார் சொன்ன திருச்செங்கோட்டு விவகாரம் பொய்யில்லை. திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010இல் வந்தது, 2014 கடைசியில் எதிர்ப்பு கிளம்பியது, 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். பயமுறுத்துகிறவர்கள் கதையை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிடிக்காவிட்டால் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்ற பொருளில் எழுதி, அவரைத் திரும்ப எழுதச் சொன்னது. அவரும் எழுதிக்கொண்டிருக்கிறார். உங்கள் வீட்டுச் சங்கடம் அந்த ரகம் இல்லை. இதை எந்தத் தீர்ப்பும் தீர்த்துவைக்காது, நடந்து போய்த்தான் தீர்க்க வேண்டும். சட்டத்தில் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். "செத்தவங்களப் பத்தி எழுதுனா யாரு கேக்கறது" என்று சொல்வார்கள், அது தப்பு. அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது. உயிரோடிருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கக்கூடியதை, உறவினர் மனத்தை நோகடிக்கும் நோக்கத்தோடு எழுதினால், இறந்தவர் விஷயத்திலும் அவதூறாகலாம்.

புனைபெயர் வைத்தால் சென்னை வாசகருக்கு உங்களைத் தெரியாது. பவானியில் பலிக்காது. கதையில் கூடுதுறை வரும், தறி ஓடும், மஞ்சள் மூட்டை இறங்கும். மூன்றாம் பக்கத்திலேயே "இது நம்ம மண்டிக் கணக்கம்மாவல்லோ" என்று சொல்லிவிடுவார்கள். அப்போது எழுதியதோடு மறைத்த குற்றமும் சேரும்.

சிநேகிதியைப் பற்றி எழுதத்தான் தயக்கமாக இருக்கிறது. அவர் நிற்கிற இடத்தில் நான் நின்றிருக்கிறேன். 1996இல் என்னோடு சேர்ந்து எழுதிக்கொண்டிருந்த நண்பன் கவிதைத் தொகுப்புப் போட்டான். டவுன்ஹால் பக்கம் ஒரு பேக்கரியில் வைத்துக் கொடுத்தான். "உனக்குத்தான் முதல் பிரதி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். அன்று ராத்திரியே முழுவதும் படித்துவிட்டேன். நன்றாக இருந்தது, அதுதான் என் பிரச்சினை. எட்டு மாதம் ஒன்றுமே சொல்லவில்லை. பொறாமை என்று சொன்னால் பாதிதான் சரி. அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் என் பெட்டிக்குள் கிடந்த நோட்டு ஞாபகம் வந்தது. அவனைப் பார்த்துப் பேசினால் "நீ எப்பப் போடப்போறே?" என்று கேட்டுவிடுவானோ என்று பயம். அவன் கேட்கவே இல்லை. மெல்ல வருவதை நிறுத்திவிட்டான். என் புத்தகம் வந்தபோது முதல் பிரதியை அவனுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. அதில் நியாயம் இருக்கிறது.

அதனால் என் யோசனை, உங்கள் புத்தகத்தைப் பற்றி அவரிடம் பேச்சே எடுக்காதீர்கள். கல்லூரியில் அவர் எழுதிய கதை ஏதாவது ஒன்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதில் வருகிற ஆளைச் சொல்லி, "அது என்ர மண்டையிலயே சுத்துது, அந்த நோட்டு இன்னும் இருக்குதா?" என்று கேளுங்கள். இருந்தால் எடுத்துத் தருவார். தராவிட்டால் இன்னொரு தரம் கேட்க வேண்டாம்.

யாருக்காக எழுதினேன் என்று கேட்டீர்கள். வெளியே போன 60 பிரதியில் எத்தனை உங்களுக்குத் தெரியாதவர் கைக்குப் போனது என்று பில் புத்தகத்தைப் பாருங்கள். எட்டோ பத்தோ இருக்கும். அத்தை யார், டீக்கடை எது என்று தெரியாமல் அந்தக் கதைகளைக் கதைகளாகப் படித்தவர்கள் அவர்கள்தான். அந்த எண்ணிக்கையைக் கூட்டப் பாருங்கள். ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழா வரும்போது, 2005இலிருந்து நடக்கிறது, ஏதாவது ஒரு கடையில் 30 பிரதி வையுங்கள். கழிவு போகட்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் பதிப்பகம் பிரதி அனுப்ப வேண்டும். அனுப்பினார்களா என்று கேட்டு, ரசீது வாங்கி வையுங்கள். பல பேர் அனுப்புவதில்லை.

ஒன்பது கதையில் மண்டியைப் பற்றி எதுவும் இருக்கிறதா? இருந்தால் அதை முதலில் எனக்கு அனுப்புங்கள். மண்டிக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

அப்புறம், கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த 140ஐ இன்றைக்கே எடுங்கள். சிமெண்டுத் தரை ஈரம் இழுக்கும், ஐப்பசி மழைக்குத் தாள் நெளிந்துவிடும். பரண்மேல், சுவரை ஒட்டாமல், கீழே பலகை போட்டு அடுக்குங்கள். என் 340இல் 90 பிரதி கரையானுக்குப் போனது. அட்டையிலிருந்து அட்டைவரை முழுசாக முடித்த ஒரே ஒரம்பரை அதுதான்.